ஏழாம் நம்பருக்குக் கழற்றிய செருப்பு

ஸ்ரீரங்கத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், "ஆனந்தவள்ளி சிஸ்டர் இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டுதான் லேபுக்குள் நுழைவார்கள். அவர் இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன் என்று வெறும் வயிற்றோடு திரும்பிப் போகிற ஆட்களும் உண்டு. ஊசி ஏறியதே தெரியாது, அவ்வளவு பதமான கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சாயங்காலம் தீவு கிளப் பேஸ்கட்பால் மைதானத்தின் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, "ஏங்க ரெஃப்ரி, கண்ணை வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்தால் காலையில் கை நீட்டியவர்கள் நம்ப மாட்டார்கள்.

இருபத்தாறு வருடமாக அவருக்குப் பக்கத்து இடம் என்னுடையது. நான் ஜமால். சின்னக்கடைத் தெருவில் ஸ்கூல் பேக் விற்கிறேன். மே மாதம் கிளப் போட்டி வந்தால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காவேரிப் பாலத்தைத் தாண்டி இங்கே வந்துவிடுவேன். இதனால் வீட்டில் எனக்குக் கிடைக்கிற மரியாதையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆனந்தவள்ளி திருவெள்ளறைக்காரர். விவசாயக் குடும்பம். பேஸ்கட்பால் என்ற ஒன்றைக் கல்யாணத்துக்கு முன்னால் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1999-இல் கல்யாணமாகி மூன்றாவது வாரம், அவர் கணவர் ரெங்கராஜ், சினிமாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லி தீவு கிளப் பைனலுக்குக் கூட்டி வந்தார். வருகிற வழியில் பஸ்ஸில் யாரோ மிதித்து ஆனந்தவள்ளியின் புதுச் செருப்பின் வார் அறுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வர வெட்கப்பட்டு, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எதிரே கரூர் அணி. ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். கடைசி நொடியில் எங்கள் ஏழாம் நம்பர் அருள்ராஜைக் கையில் அடித்துவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் தனியாக நின்று, யாரும் தடுக்காமல், கூடையைப் பார்த்து எறிய வேண்டும். கேட்பதற்கு எளிது. நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அருள்ராஜ் பந்தை மூன்று முறை தட்டினார், எறிந்தார். உள்ளே. மறுபடி மூன்று முறை தட்டினார், எறிந்தார். உள்ளே. ஜெயித்துவிட்டோம். ஆனந்தவள்ளி எதற்கென்று தெரியாமலேயே எழுந்து நின்று கத்தினார்.

தப்பு செய்தவன் நான்தான். அடுத்த வருடம் இதே மாதிரி ஒரு ஃப்ரீ த்ரோ வந்தபோது பயத்தில் அவரைப் பார்த்து, "சிஸ்டர், போன தடவை வெறுங்காலோட இருந்தீங்கல்ல, கழட்டுங்க!" என்றேன். அவர் கழற்றினார். நானும் கழற்றினேன். பந்து உள்ளே விழுந்தது. பின் வரிசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குச் செருப்பைக் கழற்றச் சொல்லியா தர வேண்டும்? அந்த சீசன் முடிவதற்குள் எங்கள் ஆள் யார் ஃப்ரீ த்ரோவுக்கு நின்றாலும் மொத்த கேலரியும் செருப்பைக் கழற்றுவது வழக்கமாகிவிட்டது. வெளியூர் அணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜோடி தேடுவது தனி ஆட்டம். ஒருமுறை இடது காலில் ஏழாம் சைஸ், வலது காலில் ஒன்பதாம் சைஸோடு நான் பாலம் தாண்டிப் போயிருக்கிறேன்.

ரெங்கராஜுக்கு நாலைந்து வருடத்தில் ஆட்டம் சலித்துவிட்டது. ஆனந்தவள்ளிக்குச் சலிக்கவில்லை. முதல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், மாமியார் இறந்த வருடம் ஒரே ஒரு நாள் வந்தார், கொரோனா வருடத்தில் பூட்டிய கேட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் கேலரியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஃப்ரீ த்ரோ என்றால் எல்லாரும் முதலில் ஆனந்தவள்ளியின் காலைத்தான் பார்ப்பார்கள். அவர் கழற்றினால் கழற்றுவார்கள்.

அருள்ராஜ் 2008-இல் ஆட்டத்தை நிறுத்தினார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த வேலையிலிருந்தும் பிறகு சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதர் இல்லை அவர். ஆடுகிற காலத்திலும் அப்படித்தான். அன்று அந்த வாய் எதிரணியைப் பார்த்துப் பேசியது, எங்களுக்குத் தேனாக இனித்தது. போன வருடம் 'ஏழாம் நம்பர் பேசுகிறேன்' என்று வீடியோ போட ஆரம்பித்தார். அந்த வாய் எங்கள் பக்கம் திரும்பியது.

இப்போதிருக்கிற பையன்களுக்கு இரண்டாவது பாதியிலேயே மூச்சு வாங்குகிறது என்றார். சரி என்றோம். கோச் தனக்குப் பிடித்த ஆளைத்தான் இறக்குகிறார் என்றார். பாதிப் பேர் ஆமாம் என்றோம், பாதிப் பேர் முகத்தைச் சுளித்தோம். மார்ச் மாதம் போட்ட வீடியோவில்தான் எல்லாம் வெடித்தது. வடக்குக் கூடைக்குக் கீழே தரை பிளந்திருக்கிறது, போன வருடம் எங்கள் அணிப் பையன் பூவரசனின் முழங்கால் போனது அந்தப் பிளவில் கால் மாட்டித்தான், கிளப் அதை மூடி மறைக்கிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இதையும் சொன்னார்:

"நம்ம ரசிகர்களுக்கு ஒண்ணு சொல்றேன். செருப்பைக் கழட்டி வச்சா பந்து உள்ள போயிடாதுங்க. செருப்பைக் கழட்டத் தெரிஞ்சவங்களுக்கு வாயைத் திறந்து கேட்கவும் தெரியணும்."

எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் நூற்றெண்பது பேர். அன்று ராத்திரி போன் சூடாகிவிட்டது. நன்றி கெட்ட மனுஷன் என்றார்கள், உண்மையைச் சொன்னால் சுடத்தான் செய்யும் என்றார்கள், கிளப் கொடுத்த பேரால்தானே வேலை கிடைத்தது என்றார்கள், அவரால்தானே கிளப்புக்குப் பேர் வந்தது என்றும் சொன்னார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், காலையில் 'நன்றி கெட்டவர்' என்று போட்டதும் நான்தான், சாயங்காலம் 'ஆனாலும் தலைவன் தலைவன்தான்' என்று போட்டதும் நான்தான். இரண்டுமே மனதாரத்தான் போட்டேன்.

ஆனந்தவள்ளி குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் கடைக்கு போன் செய்தார்.

"பாய், பூவரசன் விழுந்தப்ப நான் பார்த்தேன்."

"நானுந்தான் பார்த்தேன் சிஸ்டர். தாவி எறங்கறப்ப கால் பிசகிடுச்சு."

"இல்ல பாய். நான் அந்தக் கூடைக்கு நேரா உட்கார்ந்திருந்தேன். ஷூ முனை வெடிப்புல மாட்டுச்சு. மாட்டினதுக்கு அப்புறம்தான் உடம்பு திரும்புச்சு. எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"செயலாளர் வீரமலை அண்ணன் பிசகிடுச்சுன்னு சொன்னாரு. சரின்னு இருந்துட்டேன். தரை சரியில்லைன்னு வெளிய தெரிஞ்சா மைதானத்துக்கு அனுமதி தர மாட்டாங்க, போட்டியே நின்னு போயிடும்னாங்க. கிளப்பு இல்லாம நான் என்ன பாய் பண்றது?"

வீரமலையைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். மே மாத வெயிலில் தானே பைப்பைப் பிடித்துத் தரையைக் கழுவி, தானே கூடைக்கு வலை கட்டுகிற மனிதர். அவருக்கும் அதே பயம்தான்.

"அருள்ராஜ் சார் சொன்னது நிஜம்னுதான் எனக்குக் கோவமா, இல்ல செருப்பைச் சொன்னாருன்னு கோவமான்னே தெரியல பாய். அவருக்காகத்தான கழட்ட ஆரம்பிச்சேன்?" என்றார் ஆனந்தவள்ளி. ஒரு அம்மா பேக்கின் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைக் காரணம் காட்டி போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரலில் அருள்ராஜ் லேபுக்கு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவார். ஆடுகிற காலத்திலிருந்து அப்படி. "எறியற கைல ஊசி வேண்டாம் சிஸ்டர்" என்பார். ஆட்டத்தை விட்டுப் பதினேழு வருடமான பிறகும் அதே பேச்சு. அன்றும் இடது கையை நீட்டினார். ஆனந்தவள்ளி ரப்பர் பட்டையைக் கட்டினார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு சிஸ்டர்."

"இருக்கட்டும்."

"வீடியோ பார்த்தீங்களா?"

"பார்த்தேன். செருப்பு வரைக்கும் பார்த்தேன்."

"அது உங்களச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

"அந்தப் பொதுவுல நானும்தான சார் உட்கார்ந்திருக்கேன்?"

அருள்ராஜ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சரி, பூவரசன் விழுந்தப்ப நீங்க அங்கதான இருந்தீங்க. என்ன பார்த்தீங்க, சொல்லுங்க."

ஆனந்தவள்ளி பஞ்சை வைத்து அழுத்தினார். "கைய மடக்கிப் பிடிச்சுக்குங்க. அஞ்சு நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இதெல்லாம் அவரே என்னிடம் சொன்னது. சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன். அந்த வாரம் குழுவில், 'இவர் முதலில் இரண்டு ரவுண்டு ஓடிக் காட்டட்டும்' என்று ஒருவர் எழுதியிருந்தார்; சர்க்கரைக் கணக்கும் கிடைத்தால் அதோடு சேர்த்துப் போடலாமே என்ற ஆசை. "அது சொல்லக் கூடாது பாய்" என்று ஆனந்தவள்ளி ஒரே வெட்டாக வெட்டினார். அவ்வளவு கோபத்திலும் அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பைனல் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய ஆட்டக்காரர்களுக்கும் இப்போதைய அணிக்கும் இருபது நிமிட ஆட்டம் வைப்பது எங்கள் கிளப்பின் வழக்கம். அருள்ராஜைக் கூப்பிடாமல் விடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. வீரமலைதான், "வழக்கத்த மாத்த வேண்டாம்" என்றார். அதற்குள் ரசிகர்கள் குழுவில் வேறொரு முடிவு எடுத்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் ஃப்ரீ த்ரோவுக்கு நின்றால் யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது. கட்டை விரல் குறிகள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: ஆனந்தவள்ளி சிஸ்டர் என்ன செய்யப் போகிறார்?

"எனக்கே தெரியலையே" என்றார் அவர், அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும். காலில் புதுச் செருப்பு, பின்பக்கம் வார் வைத்துப் பூட்டுகிற மாதிரி. "பாய், சட்டுனு கழட்ட முடியாத செருப்பா பார்த்து வாங்கிட்டு வந்தேன்." சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அருள்ராஜ் தலையெல்லாம் நரைத்து, வயிறு சற்று முன்தள்ளி, அதே ஏழாம் நம்பர் ஜெர்சியில் வந்தார். யாரும் கை தட்டவில்லை. யாரும் கத்தவும் இல்லை. பதினாறாவது நிமிடத்தில் தெற்குக் கூடைப் பக்கம் ஒரு பையன் அவர் மேல் மோதிவிட்டான். ரெஃப்ரி விசில் அடித்து இரண்டு விரலைக் காட்டினார்.

அருள்ராஜ் கோட்டில் வந்து நின்றார். கேலரி முழுக்க ஆனந்தவள்ளியின் காலைப் பார்த்தது. அவர் இரண்டு பாதத்தையும் படியில் அழுத்தி ஊன்றிக்கொண்டார். ஒரு செருப்பு அசையவில்லை. இருபத்தாறு வருடத்தில் அப்படியொரு ஃப்ரீ த்ரோவை நான் பார்த்ததில்லை. அருள்ராஜ் மூன்று முறை தட்டினார், எறிந்தார். பந்து ரிங்கில் பட்டு வெளியே விழுந்தது.

கேலரி கை தட்டியது.

எங்கள் ஏழாம் நம்பர் தவறவிட்டதற்கு எங்கள் கேலரியே கை தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையும் சேர்ந்துதான் தட்டியது. ஆனந்தவள்ளி என் கையைப் பார்த்தார். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"எனக்கும் உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு பாய்," என்றார் மெதுவாக. "ஒரு செகண்டு. சீ." குனிந்து அந்த வாரோடு மல்லாடினார். கொக்கி வரவில்லை. ரெஃப்ரி பந்தை அருள்ராஜிடம் கொடுத்துவிட்டார். ஆனந்தவள்ளி ஒரு செருப்பைப் பிடுங்கி எறிந்தார், அது மூன்று படி கீழே உருண்டது. மற்றதையும் பிடுங்கினார். பின்னால் சிலர் கழற்றுகிற சத்தம் கேட்டது. சிலர் கழற்றவில்லை. நான் பாதி கழற்றி, குதிகாலை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அருள்ராஜ் பந்தைத் தட்டாமல் ஒரு தரம் கேலரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மூன்று தட்டு, எறிந்தார். அதுவும் உள்ளே போகவில்லை. அவர் சொன்னது சரிதான், செருப்பைக் கழற்றினால் பந்து உள்ளே போய்விடாது.

ஆட்டம் முடிந்தது. ஆனந்தவள்ளியின் செருப்புகள் கூட்டத்தில் யார் காலிலோ உதைபட்டு மைதானத்துக்குள்ளேயே போயிருந்தன, வடக்குக் கூடைப் பக்கம். எடுக்க வெறுங்காலோடு இறங்கிப் போனார். கூடைக்குக் கீழே போனதும் "அம்மா!" என்று காலைத் தூக்கிக்கொண்டார். பிளந்த சிமெண்டின் விளிம்பு பாதத்தைக் கிழித்துவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் தரையில் ரத்தம். ஊரார் ரத்தமெல்லாம் பார்த்தவர், தன் ரத்தத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அருள்ராஜ்தான் முதலில் வந்து சேர்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து காலில் ஊற்றிக்கொண்டே, வாய் சும்மா இருந்தால்தானே, "பார்த்தீங்களா சிஸ்டர்? இதத்தான் நான் சொன்னேன்" என்றார்.

"வாய மூடுங்க சார்!" என்று கத்தினார் ஆனந்தவள்ளி. ரெஃப்ரியைத் திட்டுகிற அதே குரல். "இருபத்தாறு வருஷமா உங்களுக்காக வெறுங்காலோட உட்கார்ந்திருக்கேன். கேமரால உட்கார்ந்துகிட்டு எங்களப் பார்த்துச் சிரிக்கறீங்களே, உங்களுக்கு மனசே உறுத்தலையா?"

அதற்குள் வீரமலை முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். ஆனந்தவள்ளி அதே மூச்சில் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அவரு சொன்னது நிஜம். பூவரசன் கால் இதே வெடிப்புலதான் மாட்டுச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு ஒரு வருஷமா வாயத் தொறக்கல. அந்தப் பையன் இன்னும் நொண்டிகிட்டுத்தான் இருக்கான். இன்னிக்கி இங்க பைனல் ஆட விடாதீங்க."

ஆறு மணிக்கு இரண்டு அணித் தலைவர்களும் வந்து பிளவைப் பார்த்தார்கள். வெளியூர் அணி ஆட மறுத்தது. பைனல் மறுநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு மைதானத்தில் நடந்தது. நாங்கள் தோற்றோம். இங்கே கேட்டைப் பூட்டிவிட்டார்கள். தரையைப் புதிதாகப் போடாமல் அனுமதி இல்லை என்று காகிதம் வந்தது. எப்போது போடுவார்கள், போடுவார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குழுவில் இப்போது ஆனந்தவள்ளிதான் பேச்சு. நல்ல காரியம் செய்தார் என்றார்கள். கிளப்பையே மூட வைத்துவிட்டார் என்றார்கள். பைனல் முடிந்து மறுநாள் சொல்லியிருக்கக் கூடாதா என்றார்கள். ஏழாம் நம்பருக்கு அடுத்து வாயைத் திறந்தவராம், அவருக்கு 'எட்டாம் நம்பர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பூவரசனின் அம்மா லேபுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, போகும்போது, "இத அப்பவே சொல்லிருக்கலாமேம்மா" என்றாராம். காலில் நாலு தையல். அதைவிட அந்த வார்த்தைதான் அவரை நொண்ட வைத்தது.

"நான் செஞ்சது சரியா தப்பா பாய்?" என்று கேட்டார். சரிதான் என்றேன். பூட்டிய கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போகும்போது தப்பு என்று தோன்றியது. பாலம் ஏறும்போது மறுபடி சரி என்று தோன்றியது.

ஜூலையில் அருள்ராஜ் லேபுக்கு வந்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு வீடியோவும் போடவில்லை. ஆனந்தவள்ளி ரப்பர் பட்டையை எடுத்தபோது அவர் வலது கையை நீட்டினார்.

"இதுலயே எடுங்க சிஸ்டர். இனி இந்தக் கைக்கு என்ன வேலை?"

மன்னிப்புக் கேட்கிறாரா, மனசு விட்டுப்போய்ச் சொல்கிறாரா என்று ஆனந்தவள்ளிக்குப் புரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். நரம்பு இடது கையைவிட நன்றாக எடுப்பாக இருந்ததாம். ஒரே குத்தில் முடிந்துவிடும்.

"அத மடக்கி வைங்க சார்," என்றார். "அடுத்த மே மாசம் வேணும்."

"மைதானத்தத்தான் பூட்டிட்டாங்களே சிஸ்டர்?"

"இடது கையக் கொடுங்க."

இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "அவரு மேல கோவம் இன்னும் போகல பாய். அந்தச் சிரிப்ப நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது. ஆனா அந்தக் கைல நான் எப்படி ஊசி குத்துவேன், சொல்லுங்க?"